25 ரூபாய் சும்மா வந்தது, 30 ரூபாய் வேலைக்குப் போனார்

(எபிசோட்டின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கதை 1912-ல, நம்ம பீச் ஸ்டேஷன் பக்கத்துல நடக்குது. கதாநாயகன் பேரைச் சொன்னதும் "அட, இவரா, தெரியுமே"ன்னு சொல்லுவீங்க. சீனிவாச ராமானுஜன். ஆனா நான் ஹார்டியைப் பத்தியோ, 1729 டாக்ஸி நம்பரைப் பத்தியோ பேசப் போறதில்ல. அதைப் பேச நிறைய பேர் இருக்காங்க. நான் பேசப் போறது அவர் ஏன் சென்னைத் துறைமுகத்துல குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார்ங்கிறது பத்தி மட்டும்.

இதுல என்ன கதை இருக்கு, ஏழை, பசி, வேலைக்குப் போனார், அவ்வளவுதானேன்னு தோணும். எனக்கும் ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. தேதிகளை வரிசையா வெச்சுப் பார்த்தா விஷயம் அப்படி இல்ல. வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி ஏறக்குறைய ஒரு வருஷம் அவருக்கு மாசாமாசம் 25 ரூபாய் வந்துக்கிட்டிருந்தது. எந்த வேலையும் செய்ய வேண்டாம், கணக்கு மட்டும் போடு, போதும்னு சொல்லி ஒருத்தர் கொடுத்த பணம்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1887-ல ஈரோட்டுல பிறந்து கும்பகோணத்துல வளர்ந்தவர். அப்பா ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் போச்சு. 1906-ல சென்னைக்கு வந்து பச்சையப்பன் காலேஜ்ல சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சை அங்கயும் தேறல. கணக்கு மட்டும் பிரமாதம், மத்த பாடம் எல்லாம் அவுட். 1909-ல கல்யாணம். கல்யாணம் ஆனா வேலை தேடித்தானே ஆகணும்?

1910-ல வேலை கேட்டுத் திருக்கோவிலூர் போனார். அங்க டெபுடி கலெக்டரா இருந்தவர் வி. ராமசாமி ஐயர். மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பிச்சவரே அவர்தான். ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, ஆபீஸ்ல சின்னதா ஒரு வேலை கொடுங்கன்னு கேட்கிறார். ராமசாமி ஐயர் நோட்டைப் பார்த்துட்டு வேலை கொடுக்கல. ரெவின்யூ டிபார்ட்மெண்ட்ல கடைசிப் படியில உட்கார வெச்சு இந்த மூளையை அழிக்க மனசு வரலன்னு பின்னாடி சொல்லியிருக்கார். வேலைக்குப் பதிலா, சென்னையில இருக்கிற கணக்கு நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

இந்த இடத்துல நான் கொஞ்சம் நின்னேன். நல்ல மனுஷர்தான், சந்தேகமே இல்ல. ஆனா வந்தவன் கேட்டது வேலை. கொடுத்தது பாராட்டு. "உனக்கு எதுக்குப்பா இந்த வேலையெல்லாம்?" இந்த வாக்கியத்தை நம்ம வீடுகள்ல எத்தனை தடவை கேட்டிருக்கோம்.

அந்தக் கடிதங்கள் கை மாறி மாறி, 1910 கடைசியில ராமானுஜன் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் முன்னாடி போய் நிக்கிறார். ராவும் கணக்குப் பித்து உள்ளவர். முதல்ல அவருக்கு ஒண்ணும் பிடிபடல. பொறுமையா, எளிய விஷயத்துல ஆரம்பிச்சுப் படிப்படியா ராமானுஜன் காட்டக் காட்ட, ஆள் அசந்துட்டார். என்ன வேணும்னு கேட்டார். சாப்பாட்டுக் கவலை இல்லாம கணக்குப் போட ஏதோ கொஞ்சம் பணம் கிடைச்சாப் போதும்னு பதில். நெல்லூர் மாதிரி ஊர்ல இவர் முடங்கக் கூடாது, சென்னையிலேயே இருக்கட்டும்னு முடிவு பண்ணி, ராவ் தன் சொந்தப் பணத்துல மாசம் 25 ரூபாய் அனுப்ப ஆரம்பிச்சார்.

இன்னைக்கு ஸ்டார்ட்-அப் பாஷையில சொன்னா, கம்பெனியில பங்கு கேட்காத, மீட்டிங் வைக்காத இன்வெஸ்டர். அறிக்கை தேவையில்ல, ஆபீஸ் தேவையில்ல. அந்தப் பணம் வீணும் போகல. 1911-ல இந்தியக் கணிதக் கழகத்தோட பத்திரிகையில அவரோட முதல் கட்டுரை வந்தது, பெர்னூலி எண்கள் பத்தி. அதே பத்திரிகையில வாசகர்களுக்கு ஒரு புதிரும் போட்டார். வர்க்கமூலத்துக்குள்ள வர்க்கமூலம், அதுக்குள்ள இன்னொண்ணு, முடிவே இல்லாம போகும். மதிப்பு என்ன? மாசக்கணக்கா யாரும் பதில் அனுப்பல. கடைசியில அவரே சொன்னார்: 3.

ஆக, ஏற்பாடு நல்லா ஓடிக்கிட்டிருக்கு. பிறகு ஏன் விட்டார்?

ராமானுஜனோட கும்பகோணத்து ஆசிரியர் பி.வி. சேஷு ஐயர் காரணத்தை எழுதி வெச்சிருக்கார். ரொம்ப நாளைக்கு இன்னொருத்தருக்குப் பாரமா இருக்க ராமானுஜனுக்கு இஷ்டமில்ல, அதனால துறைமுகத்துல சின்ன வேலை ஒண்ணை எடுத்துக்கிட்டார்னு. ஸ்காலர்ஷிப் முயற்சிகள் பலிக்கலங்கிறதும் கூட சேர்ந்துக்குது. ஆனா ராவ் பணத்தை நிறுத்தினதா அங்க இல்ல. நிறுத்தணும்னு நினைச்சது வாங்கினவர்தான்.

முதல்ல அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸ்ல சில வாரம் தற்காலிக வேலை. சம்பளம் 20 ரூபாய். கவனிங்க, 25 ரூபாய் உதவி வாங்கினவர் 20 ரூபாய் வேலையில போய் உட்கார்றார். அப்புறம் 1912 பிப்ரவரி 9-ம் தேதி திருவல்லிக்கேணியில இருந்து துறைமுகத்துக்கு விண்ணப்பம். பிரசிடென்சி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டோட சிபாரிசுக் கடிதம் கூடவே. மார்ச் 1-ம் தேதி வேலையில சேர்ந்தாச்சு. கணக்குப் பிரிவு, மூணாம் வகுப்பு, நாலாம் கிரேடு குமாஸ்தா. சம்பளம் 30 ரூபாய்னு புத்தகங்கள் சொல்லுது.

இங்க ஒரு சின்ன நச்சரிப்பு, இஞ்சினியர் புத்தி, மன்னிச்சுக்கோங்க. ஹார்டிக்கு எழுதின முதல் கடிதத்துல, 1913 ஜனவரி 16, தன் சம்பளம் வருஷத்துக்கு 20 பவுண்டுன்னு எழுதியிருக்கார். அப்போ ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். 20 பவுண்டு 300 ரூபாய், மாசத்துக்கு 25. மாசம் 30-ன்னா வருஷத்துக்கு 24 பவுண்டு வந்திருக்கணும். உலகமே வியந்த கணக்கு மேதை தன் சம்பளத்தை முழு எண்ணாக்கிச் சொன்னாரா என்னன்னு எனக்கு ஒரு சிரிப்பு. எப்படிப் பார்த்தாலும் வித்தியாசம் அதிகபட்சம் 5 ரூபாய். வருமானம் பெரிசா மாறல. காலையில எழுந்து ஆபீஸ் போகணும்ங்கிறது மட்டும் புதுசா சேர்ந்தது.

இந்தக் கதையை நான் நோண்ட ஆரம்பிச்சதே எங்க சித்தியால. சித்தி வீடு புழல்ல, கதிர்வேடு பக்கம். சித்தப்பா மணலியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பென்ஷன் வருது, பையன் சம்பாதிக்கிறான், சொந்த வீடு. ரெட்ஹில்ஸ்ல ஒரு ஹார்டுவேர் கடையில காலையில பத்துல இருந்து ரெண்டு மணி வரைக்கும் டாலியில கணக்கு எழுத ஆள் கேட்டாங்க. சித்தி பி.காம். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் கணக்கு எழுதினவங்க. போகலாமான்னு வீட்டுல பேச்செடுத்தாங்க. சித்தப்பா, பையன், மாமியார்னு எல்லாரும் ஒரே குரல்ல: "உனக்கு இப்போ என்ன குறை?" யாரும் திட்டல, தடுக்கல. அன்பாத்தான் கேட்டாங்க. ஆனா அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றது? குறை இருக்குன்னு சொன்னா வீட்டைக் குத்தம் சொன்ன மாதிரி. இல்லன்னு சொன்னா, அப்போ எதுக்குப் போறே?

சரி, துறைமுகத்துக்கு வருவோம். ராமானுஜன் ஜார்ஜ் டவுன்ல சைவ முத்தையா முதலி தெருவுல பாட்டியோட தங்கினார். நடந்து போற தூரத்துல ஆபீஸ். அந்தக் காலத்துல அந்தத் தெருக்களுக்குக் குடிதண்ணி எங்க ஏரியில இருந்துதான் போச்சு. 1872-ல இருந்து சென்னைக்குப் புழல் தண்ணிதான். இதைச் சொல்லாம விட்டா ஊர்க்காரங்க என்னை விடமாட்டாங்க.

துறைமுகத்தோட தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ஐரிஷ்காரர், இஞ்சினியர். கோதாவரியில ரயில் பாலம் கட்டினவர். 1904-ல இங்க வந்து, மண் மூடிக்கிட்டே இருந்த கிழக்கு வாசலை அடைச்சு வடகிழக்குல புது வாசல் திறந்து துறைமுகத்தையே மாத்தி அமைச்சார். அவருக்கு அடுத்தபடி இருந்த இந்திய அதிகாரி எஸ். நாராயண ஐயர், முன்னாள் கணக்கு வாத்தியார், கணிதக் கழகத்தோட பொருளாளர். இந்த நாராயண ஐயர்தான் இந்தக் கதையோட உண்மையான ஹீரோன்னு நான் நினைக்கிறேன். சாயங்காலமானா திருவல்லிக்கேணியில அவர் வீட்டு மாடியில ரெண்டு பேரும் சிலேட்டு வெச்சுக்கிட்டு ராத்திரி வரைக்கும் கணக்கு. ராமானுஜன் நாலு படியைத் தாண்டி விடையை மட்டும் எழுதுவார். எனக்கே புரியலன்னா சீமையில இருக்கிறவனுக்கு எப்படிப் புரியும், படிகளை எழுதுன்னு நாராயண ஐயர் விரட்டுவாராம். நம்ம பாஷையில இதுக்குப் பேர் கோட் ரிவ்யூ. ராவோட 25 ரூபாய் நேரத்தைக் கொடுத்தது. சிலேட்டு எடுத்துக்கிட்டு எதிர்ல உட்கார ஒரு ஆளைக் கொடுத்தது இந்தக் குமாஸ்தா வேலை.

ஆபீஸ் மூலமா இன்னும் பல கதவு திறந்தது. சென்னை இஞ்சினியரிங் காலேஜ்ல, அதாவது பின்னாடி கிண்டிக்குப் போன காலேஜ்ல, பேராசிரியரா இருந்த கிரிஃபித் 1912 நவம்பர்ல ஸ்பிரிங்குக்குக் கடிதம் எழுதினார். உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு பையன் இருக்கான், ஏதாவது வழி பிறக்கிற வரைக்கும் அவனை விட்டுடாதீங்கன்னு. லண்டன்ல இருந்த தன்னோட பழைய ஆசிரியர் ஹில்லுக்கும் ராமானுஜனோட தாள்களை அனுப்பினார். ஹில் பதில்ல திறமை இருக்கு, ஓட்டையும் இருக்குன்னு சொல்லி, படிக்க ஒரு புத்தகமும் சொன்னார். அடுத்து 1913 பிப்ரவரி 25-ம் தேதி இந்திய வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தப்போ, ஸ்பிரிங் தன் குமாஸ்தாவோட நோட்டை அவருக்குக் காட்டினார். வாக்கர் யாரு? கேம்பிரிட்ஜ்ல கணக்குல முதல் ஆளா தேறினவர். மறுநாளே பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு எழுதினார். கரை மேல இருக்கிற துறைமுக ஆபீஸ் இல்லாம தனி அறையில 25 ரூபாயோட உட்கார்ந்திருந்தா, வாக்கர் அந்த அறையைத் தேடி வந்திருப்பாரா?

இதுவரைக்கும் கேட்டா, அப்போ வேலைக்குப் போறதுதான் சரின்னு தோணும். எனக்கும் அப்படி முடிச்சுட ஆசைதான். ஆனா 1913 பிப்ரவரி கடைசியில ஹார்டிக்கு எழுதின ரெண்டாவது கடிதம் வழியில நிக்குது. அதுல அரைப்பட்டினியா இருக்கேன், மூளையைக் காப்பாத்தணும்னா முதல்ல சாப்பாடு வேணும், நீங்க நல்லபடியா ரெண்டு வரி எழுதினா இங்க ஸ்காலர்ஷிப் கிடைக்கும்னு கேட்கிறார். வேலையில சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகல, வெளியே போக வழி தேடுறார். மனைவி ஜானகி பின்னாடி சொன்ன நினைவுகளையும் சேர்த்துப் பாருங்க. ஆபீஸ் போறதுக்கு முன்னாடி கணக்கு, வந்ததும் கணக்கு, சில நாள் விடியற்காலை ஆறு மணி வரைக்கும். பிறகு ரெண்டு மூணு மணி நேரம் தூங்கிட்டு மறுபடி ஆபீஸ். துறைமுகம் எடுத்துக்கிட்ட மணி நேரத்தை அவர் தூக்கத்துல இருந்து ஈடுகட்டினார். 32 வயசுல செத்துப்போன ஒருத்தரோட தூக்கக் கணக்கை நான் லேசா எடுத்துக்க மாட்டேன்.

வெளியூர் உதாரணங்களும் ரெண்டு பக்கமும் பேசுது. டி.எஸ். எலியட் லண்டன்ல லாயிட்ஸ் பாங்க்ல குமாஸ்தா. 1922-ல நண்பர் எஸ்ரா பவுண்ட் ஊர்ல வசூல் பண்ணி, வருஷத்துக்கு இவ்வளவு தர்றோம், பாங்கை விடுன்னு திட்டம் போட்டார். எலியட் கூச்சப்பட்டு நெளிஞ்சாரே தவிர பாங்கை விடல. 1925-ல பதிப்பக வேலை கிடைச்ச பிறகுதான் கிளம்பினார். ஐன்ஸ்டீன் பெர்ன் காப்புரிமை ஆபீஸ்ல ஏழு வருஷம். 1933-ல லண்டன்ல பேசும்போது, இளம் ஆராய்ச்சியாளர்களுக்குக் கலங்கரை விளக்கக் காவல் மாதிரி தனிமையான வேலை கொடுக்கலாமேன்னு சொன்னார். ராமானுஜன் காலத்துல நம்ம கலங்கரை விளக்கம் ஹைகோர்ட் கோபுரத்து மேல இருந்தது, துறைமுகத்துல இருந்து கூப்பிடு தூரம். விளக்கு வேலைக்கு விண்ணப்பிச்சிருக்கலாம், நாராயண ஐயர் கிடைச்சிருக்க மாட்டார்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், வடசென்னையில உட்கார்ந்துக்கிட்டு இதைச் சொல்லாம போனா அது அநியாயம். மேல வந்த பேர்களைப் பாருங்க: ஐயர், ராவ், ஐயர். நோட்டைப் படிக்கத் தெரிஞ்ச அதிகாரிகளோட வாசல் வரைக்கும் போக ராமானுஜனுக்குக் கையில காசு இல்லன்னாலும் சாதி இருந்தது, இங்கிலீஷ் இருந்தது. அதே துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்களுக்கு மேனேஜர் வீட்டு மாடி கிடையாது. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல்ல சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சப்போ பேசினது வேலை நேரத்தையும் மதியச் சாப்பாட்டு இடைவேளையையும் பத்தி. வேலைக்குப் போகலாமா வேண்டாமாங்கிற யோசனையே அவங்க பக்கம் வரல. நம்ம பேசுற இந்தக் கேள்வி கொஞ்சம் வசதி இருக்கிறவங்க கேள்விதான். அதுக்காக அது பொய்க் கேள்வி ஆயிடாது.

மீதிக் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 1913 மே 1-ல இருந்து சென்னைப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி உதவித்தொகை, மாசம் 75 ரூபாய், மூணு மாசத்துக்கு ஒரு அறிக்கை கொடுக்கணும். 1914 மார்ச் 17, நெவாசா கப்பல், இங்கிலாந்து. ஏறினது அவர் கணக்கு எழுதின அதே துறைமுகத்துல. 1919-ல வருஷத்துக்கு 250 பவுண்டு தர்றோம்னு பல்கலைக்கழகம் சொன்னப்போ அவர் எழுதின பதிலையும் சொல்லிடறேன். என் தேவைக்கு இது அதிகம். வருஷம் 50 பவுண்டு அப்பா அம்மாவுக்குக் கொடுங்க, மிச்சம் இருந்தா ஏழைப் பையன்கள், அனாதைகளோட பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகட்டும்னு கேட்டிருந்தார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சேத்துப்பட்டுல காலமானார்.

இதையெல்லாம் நான் பெருமையா சித்திகிட்ட சொல்லி முடிச்சேன். அவங்க கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கேட்டுட்டு, "சரிடா, அந்தப் பொண்ணு அப்புறம் என்ன பண்ணுச்சு?"ன்னாங்க. ஜானகியைக் கேட்கிறாங்க. நான் பார்த்து வெச்சிருந்த கதையில ஜானகி, ராத்திரி விளக்கு எரிஞ்சதுக்குச் சாட்சி, அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.

ஜானகி 1899-ல பிறந்தவங்க. புருஷன் போனப்போ வயசு 21. குழந்தை இல்ல. பல்கலைக்கழகம் மாசம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. பம்பாய்ல அண்ணன் வீட்டுக்குப் போனாங்க. அண்ணன் வருமான வரி அதிகாரி. அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பத்துல ஒரு இளம் விதவைக்கு இதுக்கு மேல பாதுகாப்பான ஏற்பாடு கிடையாது. தலைக்கு மேல கூரை, ரெண்டு வேளைச் சோறு, கைச்செலவுக்குப் பென்ஷன். "உனக்கு என்ன குறை?" கேள்விக்கு அப்படியே பொருந்துற வாழ்க்கை.

அந்த வீட்டுல இருந்துக்கிட்டே ஜானகி தையல் கத்துக்கிட்டாங்க. கொஞ்சம் இங்கிலீஷும். முப்பதுகளோட ஆரம்பத்துல பம்பாயை விட்டுட்டுத் தனியா சென்னைக்குத் திரும்பினாங்க. திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவுல வீடு. புருஷனுக்கு 75 ரூபாய் உதவித்தொகை கிடைச்ச வருஷத்துல ரெண்டு பேரும் குடியிருந்த அதே தெரு. பென்ஷன் வந்துக்கிட்டுதான் இருந்தது. அதோட துணி தைச்சுக் கொடுத்தாங்க, பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாங்க. ராமானுஜன் துறைமுகத்துல இருந்தது 14 மாசம். ஜானகி தையலை வெச்சுக்கிட்டு வாழ்ந்தது பல வருஷம்.

1950-ல தோழி ஒருத்தர் இறந்தப்போ, அவங்களோட சின்னப் பையனைத் தன் பிள்ளையா வளர்க்க ஆரம்பிச்சாங்க. படிக்க வெச்சாங்க, கல்யாணம் பண்ணி வெச்சாங்க. அண்ணன் வீட்டுல இருந்திருந்தா இதுக்கு யாரையாவது அனுமதி கேட்டிருக்கணும். இங்க கேட்க வேண்டிய ஆள் யாரும் இல்ல.

1994 ஏப்ரல் 13-ம் தேதி, 95 வயசுல, அதே திருவல்லிக்கேணியில காலமானாங்க.